பெட்டி வைத்த பிளக் பாயிண்ட்டா, பெட்டி இல்லாததா? ஒரு மொபைல் ஹோம் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மொபைல் ஹோம் என்று எல்லோரும் சொல்கிற, தொழிற்சாலையில் கட்டி லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீட்டில் இருக்கிறீர்களா? பிளக் பாயிண்ட்டும் சுவிட்சும் மாற்றும் வயதுக்கு வந்துவிட்டனவா? அப்படியானால், மொபைல் ஹோம் உதிரிபாகக் கடையில் விற்கும் பெட்டியில்லாத அவுட்லெட்டையே (பிளக் பாயிண்ட்டுக்கு இங்கே அந்தப் பெயர்) மறுபடியும் வாங்காதீர்கள். சுவர் இடம் கொடுக்கும் இடத்திலெல்லாம் வயர் இணைப்பை உள்ளே அடக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பதித்து, சாதாரண அவுட்லெட்டிலேயே கொஞ்சம் நல்ல தரத்தில் வாங்கிப் போடுங்கள். இரண்டு வகையையும் எங்கள் வீட்டுச் சுவரில் பொருத்திப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

எங்களுடையது 1990களில் கட்டிய டபுள் வைட். இரண்டு பாதியாக வந்து நடுவில் சேர்ந்த வீடு. ஒவ்வொரு பாதியின் வெளிச்சுவரிலும் சிவப்பு நிற உலோகத் தகடு ஒன்று இருக்கும். 1976 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசின் விதிப்படி கட்டப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சாதாரண அமெரிக்க வீட்டின் சுவரில் அரை அங்குல ஜிப்சம் பலகை இருக்கும். எங்கள் வீட்டில் வினைல் ஒட்டிய 5/16 அங்குலப் பலகை. உள்சுவர்களில் நிற்கும் மரச்சட்டமோ இரண்டுக்கு மூன்று என்று பெயர், அளந்தால் இரண்டரை அங்குல ஆழம்தான். இந்த இரண்டு அளவுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் தேறும், எது தேறாது என்பதெல்லாம் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.

சுவரும் மெலிது, தொழிற்சாலையில் வேலையும் வேகமாக நடக்க வேண்டும். அதனால் இந்த வீடுகளில் பெட்டியே இல்லாத அவுட்லெட்டுகளைப் போட்டுவிடுகிறார்கள். அவுட்லெட்டின் பிளாஸ்டிக் உடலே பெட்டியாகவும் இருக்கும். அமெரிக்க மின்விதிகள் இதை அனுமதிக்கின்றன, ஆகவே திருட்டு வேலை ஒன்றும் இல்லை. பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்து, முகப்பு மூடியை நெம்பி எடுத்தால் மேலும் கீழுமாக இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றைத் தளர்த்தியதும் பலகைக்குப் பின்னால் கவ்வியிருந்த இறக்கைகள் மடங்கி, முழு உருப்படியும் கையோடு வந்துவிடும். பின்மூடியைத் திறந்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. வயரை எங்கேயும் வெட்டவில்லை, உறையை உரிக்கவில்லை, ஸ்க்ரூவில் சுற்றவில்லை. கேபிளின் வெளியுறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, உள்ளே ஓடும் கறுப்பு, வெள்ளை வயர்களை அப்படியே பித்தளைப் பிளவுகளில் அழுத்திவிட்டிருக்கிறார்கள். பாக்குவெட்டி வாயில் பாக்கு சிக்குவதுபோல வயர் அந்தப் பிளவில் சிக்குகிறது. பிளவின் விளிம்பு உறையை அறுத்து உள்ளே இருக்கும் செம்பைத் தொடும். தொடர்பு அவ்வளவுதான்.

புதிதாக இருக்கும்வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் அறைக்குச் சூடாக்கி (ஹீட்டர்) ஒன்றை வைக்கிறோமே, அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. 1500 வாட் சூடாக்கி ஒன்று 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் இணைப்பில் மணிக்கணக்காக ஓடும் சுமைக்கு 12 ஆம்பியர்தான் கணக்கு. மாலையில் போட்டால் விடியும்வரை ஓடுகிறது. அந்தச் சிறிய தொடும் இடம் சூடாகிறது, ஆறுகிறது, மறுநாள் மறுபடி சூடாகிறது. எங்கள் படுக்கையறையிலிருந்து கழற்றிய அவுட்லெட்டில் கறுப்பு வயர் உட்காரும் பக்கத்துப் பிளாஸ்டிக் மட்டும் தேன் நிறத்துக்கு மாறி, விரல் நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. வெள்ளை வயர்ப் பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வயரைக் கட்டாமல் செருகியே விட்டிருக்கிறார்களே" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டிலுள்ள ஒவ்வொரு அவுட்லெட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதே வகையில் புதியது ஒன்றை முதலில் வாங்கினேன். நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஓட்டையிலேயே உட்காருகிறது, சுவரை அறுக்க வேண்டியதில்லை. வயர் நீளம் போதாத இடத்திலும் வேலை நடக்கிறது, வயரை வெட்டுவதே இல்லையே. முகப்பு மூடியும் கூடவே வருகிறது. இனி மற்ற பக்கம். வயரை அந்தப் பிளவில் இறக்குவதற்குத் தனிக் கருவி வேண்டும். இடுக்கியால் அழுத்தினாலே போதும் என்று சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். வயர் சாய்ந்து இறங்கினால் பிளவின் ஒரு பக்கம் மட்டும்தான் தொடும். பழையதைத் தின்ற நோய் புதியதற்கும் முதல் நாளே வந்துவிடும். இன்னொன்று, பழைய பிளவு அறுத்த இடத்திலேயே புதிய பிளவை வைக்கக்கூடாது, கொஞ்சம் தள்ளித்தான் அழுத்த வேண்டும். தள்ளுவதற்கு வயர் தளர்வாக இருக்கவேண்டுமே. விலையும் சாதாரண அவுட்லெட்டைப்போல் பல மடங்கு. எனக்கு வந்ததில் பின்மூடியின் ஒரு கொக்கி சரியாக மாட்டவே இல்லை. திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். அந்த அரை, வேறு வழியில்லாத சுவர்களை எண்ணி.

இடையில் ஒரு எலக்ட்ரீஷியன் சேவையையும் அழைத்துப் பார்த்தோம். பெயர் வேண்டாம். தொலைபேசியில் மொபைல் ஹோம் என்று சொன்னதுமே குரலில் ஓர் அலட்சியம். சிலர் இந்த வீடுகளுக்கு வருவதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வந்தவர் பழைய உருப்படியைப் பார்த்துவிட்டு, சாதாரண அவுட்லெட் ஒன்றை எடுத்து நேராகச் சுவர்ப் பலகையிலேயே ஸ்க்ரூவால் முடுக்கிவிடலாம், பெட்டி எதற்கு என்றார். விதி அனுமதிப்பது உடலோடு பெட்டி சேர்ந்த வகையை மட்டும்தான். பக்கவாட்டில் ஸ்க்ரூக்கள் வெளியே தெரியும் சாதாரண அவுட்லெட்டைப் பெட்டி இல்லாமல் சுவருக்குள் விட்டால், பொறி பறக்கும் இடத்துக்கும் சுவருக்குள் இருக்கும் பஞ்சுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. அப்பாவுக்கு ஆங்கிலம் முழுதாகப் புரியாது. ஆனால் அந்த மனிதர் பெட்டி இல்லாமல் அவுட்லெட்டை ஓட்டையில் வைத்துக் காட்டியதும் எழுந்து நின்றுவிட்டார். வந்து பார்த்ததற்கான கட்டணத்தைக் கொடுத்து அனுப்பினோம். உங்களிடம் யாராவது இதே யோசனையைச் சொன்னால் நீங்களும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து நான் பரிந்துரைக்கும் பொருள்: பழைய சுவரில் பதிக்கும் பிளாஸ்டிக் பெட்டி. கடைகளில் நீல நிறத்தில் தொங்கும். நான்கு மூலைகளில் இரண்டில் காதுகள் இருக்கும், ஸ்க்ரூவை முறுக்கினால் அவை திரும்பி நின்று பலகையைப் பின்னாலிருந்து கவ்வும். ஒற்றைப் பெட்டியில் 14 கன அங்குலம் என்று உள்ளேயே அச்சிட்டிருக்கும், ஆழம் சுமார் 2¾ அங்குலம். எங்கள் உள்சுவரில் சட்டம் இரண்டரை, முன்பலகை 5/16, மொத்தம் 2 13/16. மயிரிழையில் உட்காருகிறது. இதைவிட ஆழமான பெட்டியை வாங்கினால் பின்பக்கத்து அறையின் பலகையை முட்டித் தள்ளும். வெளிச்சுவர்களில் சட்டம் பெரிது என்பதால் இந்தக் கவலை இல்லை.

பழைய ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். கைரம்பம் போதும். மின் ரம்பம் வேண்டாம், வினைல் உரிந்துவிடும். காதுகளை முறுக்குவதும் கை ஸ்க்ரூ டிரைவரால்தான். இந்த மெலிந்த பலகையில் டிரில்லை வைத்து முறுக்கினால் ஜிப்சம் நொறுங்கிப் பெட்டி ஆடத் தொடங்கிவிடும். பழைய வீடுகளில் மெல்லிய மரப் பேனல் இருக்கும். அதில் காது முழுக்கத் திரும்பியும் பலகையைத் தொடாமல் நிற்கலாம். அங்கே பக்கத்தில் சட்டம் இருந்தால், பெட்டிக்குள்ளிருந்தே சட்டத்தில் ஸ்க்ரூ இறக்கும் வகைப் பெட்டி நல்லது.

வயரில்தான் பொறுமை வேண்டும். வெட்டாமல் ஓடிய வயரை நடுவில் வெட்டி இரண்டு முனையாக்க வேண்டும். பழைய பிளவு அறுத்த காயம் உள்ள பகுதியைக் கழித்தால் மிஞ்சுவது சில அங்குலம்தான். வெளியுறையிலிருந்து வெளிவரும் இடம் தொடங்கி ஆறு அங்குல வயர் வேண்டும், பெட்டியின் வாய்க்கு வெளியே மூன்று அங்குலமாவது நீள வேண்டும் என்பது விதி. சில இடங்களில் கேபிளை மெல்ல இழுத்தால் வந்தது. சில இடங்களில் சட்டத்தில் அறைந்த ஆணிக் கவ்வி விடவே இல்லை. ஓட்டை வழியாகக் கையை விட்டு அதை நெம்பி எடுத்தபிறகே வந்தது.

பெட்டிக்குள் எத்தனை வயருக்கு இடம் உண்டு என்ற கன அங்குலக் கணக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு, எண் குறைந்தால் வயர் தடிமன். 14 கேஜ் வயர் ஒன்றுக்கு 2 கன அங்குலம். ஒரு கேபிள் உள்ளே வந்து, இன்னொன்று அடுத்த அவுட்லெட்டுக்குப் போனால் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு வயர், 8. எர்த் வயர்கள் எல்லாம் சேர்த்து ஒன்றாகக் கணக்கு, 2. அவுட்லெட்டுக்கு இரண்டு வயர் இடம், 4. மொத்தம் 14. பெட்டியும் 14. துளி இடம் மிச்சமில்லை, ஆனால் விதிக்குள் இருக்கிறது. சமையலறையில் 20 ஆம்பியர் இணைப்பு, 12 கேஜ் வயர். ஒன்றுக்கு 2.25. அதே கணக்கைப் போட்டால் 15.75. ஒற்றைப் பெட்டி அங்கே விதிப்படி போதாது. நாங்கள் அங்கே இரட்டைப் பெட்டியே வைத்துவிட்டோம். அதில் 25 கன அங்குலம். இரண்டு அவுட்லெட் பக்கத்துப் பக்கத்தில் போட்டும் 20.25தான் ஆகிறது. இட்லி மாவு அரைக்கும் கிரைண்டருக்காக மிக்ஸியைப் பிடுங்கும் வேலை ஒழிந்தது. இந்த மாற்றத்தில் என் மனம் குளிர்ந்த இடம் இதுதான்.

அவுட்லெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவானதில் பின்னால் சின்ன ஓட்டைகள் இருக்கும், வயரைக் குத்தினால் உள்ளே ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். 14 கேஜுக்கு மட்டும்தான் அது. ஸ்பிரிங் பிடியும் காலப்போக்கில் தளரும். ஏறத்தாழ பழைய நோயேதான். ஒரு படி மேலே உள்ள தரத்தில், வயரைப் பின்னால் நுழைத்துப் பக்கத்து ஸ்க்ரூவை முறுக்கினால் ஒரு தகடு வந்து அழுத்தும். விலை வித்தியாசம் ஒன்றிரண்டு டாலர். சூடாக்கி வைக்கும் அறைகளிலாவது இதையே போடுங்கள். குழந்தைகள் கம்பியை நுழைக்க முடியாதபடி உள்ளே மூடி உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். முதல் சில வாரங்கள் பிளக்கை ஓங்கிக் குத்த வேண்டியிருக்கும், குறையல்ல.

இரண்டு கேபிள்களின் கறுப்பையும் ஒன்றாக்கி, அவுட்லெட்டுக்கு ஒரு துண்டு வயர் மட்டும் போவதே நல்ல முறை. அப்போது ஒரு அவுட்லெட் கெட்டாலும் அதற்கு அடுத்தவை ஓடும். இந்த இணைப்புக்கு ஜெர்மன் வேகோ நிறுவனத்தின் 221 வகை இணைப்பான்களை வாங்கினேன். கண்ணாடிபோல் தெரியும் உடல், ஆரஞ்சு நிற நெம்பி. 11 மில்லிமீட்டர் உரித்து, நெம்பியைத் தூக்கி, வயரை விட்டு, மூடினால் முடிந்தது. 12 கேஜ்வரை தாங்கும். செம்பு கடைசிவரை போயிருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். வயர் முனைகளைச் சேர்த்து மேலே முறுக்கும் பிளாஸ்டிக் தொப்பிகளைவிட விலை அதிகம்தான். ஆனால் நெருக்கமான பெட்டிக்குள் தட்டையாக மடங்கி உட்காருகிறது. ஐந்துக்கு ஐந்து. அப்பா மிச்சமானதைக் கேட்டு வாங்கித் தன் பயணப்பெட்டியில் வைத்துக்கொண்டார்.

சுவிட்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு எச்சரிக்கையைத் தவிர. பழைய சுவிட்ச் பலவற்றுக்கு ஒரே கேபிள்தான் வரும். கறுப்பும் வெள்ளையும் விளக்கிலிருந்து சுவிட்சுக்கு வந்து திரும்பும். அங்கே வெள்ளை நியூட்ரல் அல்ல, மின்சாரம் ஓடும் வயர். அதன் மேல் கறுப்பு நாடா சுற்றியிருக்க வேண்டும், எங்கள் வீட்டில் எங்கேயும் சுற்றவில்லை. நியூட்ரல் இல்லாததால், அது கேட்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளை அங்கே போட முடியாது. ஆசைப்பட்டு வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, இங்கே சுவிட்ச் மேலே இருந்தால் எரியும், கீழே இருந்தால் அணையும். தலைகீழாகப் பொருத்தினாலும் வேலை செய்யும், அப்பா வசதிக்காக அப்படியே விடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

குளியலறைக்கு மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் அவுட்லெட் வேண்டும். அதன் உடல் தடிமன், ஒற்றைப் பெட்டியில் இணைப்பான்களோடு அது அமர மறுத்தது. கணக்குப்படி இடம் இருந்தாலும் கைக்கு இடம் இல்லை. அந்த இணைப்புக்குப் பாதுகாப்பைப் பிரேக்கரிலேயே கொடுத்துவிட்டு, சுவரில் சாதாரண அவுட்லெட் வைத்தோம். விதி இதை ஏற்கிறது. ஆனால் அது துண்டித்தால் பிரேக்கர் பெட்டிவரை நடக்க வேண்டும்.

மூன்று விளக்கு எரியும் சிறு சோதனைக் கருவியையும் வாங்குங்கள். ஆனால் அது சொல்வதை முழுதாக நம்பவேண்டாம். நியூட்ரலும் எர்த்தும் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது, சரி என்றே காட்டும். இந்த வகை வீட்டில் அது முக்கியம். வீட்டுக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாகவே நிற்க வேண்டும், அவை சேரும் இடம் வெளியே கம்பத்தில் உள்ள முதன்மைப் பெட்டியில்தான். உள்ளே யாராவது சேர்த்துவிட்டால் வீட்டின் இரும்புச் சட்டம்வரை மின்சாரம் தேடி வரும். டபுள் வைட்டில் ஒரு பாதி முழுக்க அவுட்லெட் செத்துப்போனால் அவுட்லெட்டைக் கழற்றுவதற்கு முன், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் தரைக்கு அடியில் உள்ள இணைப்பைப் பாருங்கள்.

1976க்கு முந்தைய வீடாக இருந்தால் இங்கே சொன்ன எதையும் செய்யாதீர்கள், முதலில் வயர் செம்பா அலுமினியமா என்று பாருங்கள். 1965 முதல் 1973 வரை அமெரிக்காவில் அலுமினிய வயர் பரவலாக ஓடியது. 1972க்கு முன் தயாரான அலுமினிய வயர் உள்ள வீடுகளில், ஏதாவது ஒரு இணைப்பாவது தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும் வாய்ப்பு செம்பு வீட்டைவிட 55 மடங்கு என்கிறது அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். சாதாரண அவுட்லெட்டுக்கும் அலுமினிய வயருக்கும் ஆகவே ஆகாது.

கவுன்ட்டி (மாவட்டம்போல) அலுவலகத்தில் அனுமதி வாங்கியே செய்தோம். உங்கள் ஊரில் வீட்டுக்காரரே செய்ய அனுமதி உண்டா, வாடகை மனையாக இருந்தால் மொபைல் ஹோம் வளாகத்தின் நிர்வாகம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வாளர் வந்து சமையலறை மூடியைக் கழற்றச் சொன்னார். பெட்டிக்குள் அச்சிட்டிருந்த 25 என்ற எண்ணையும் வயரின் தடிமனையும் டார்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு கேபிளையும் விரலால் எண்ணினார். பிறகு கூடத்துச் சுவரில், கேபிள் எவ்வளவு இழுத்தும் வராத ஓர் இடத்தில், பெட்டியில்லாத புதியதையே விட்டிருந்ததைக் காட்டினேன். கருவி வைத்து அழுத்தியதா என்று மட்டும் கேட்டார், ஆமாம் என்றேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.